பதவியேற்பு உறுதிமொழிக்குப் புனித நூல் தேவையா? தேவிகுளம் நிகழ்வு உணர்த்தும் சட்ட நிலை

இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினராகவோ, நாடாளுமன்ற உறுப்பினராகவோ, அமைச்சராகவோ பொறுப்பேற்கும் ஒருவர் பகவத் கீதை, குர்ஆன், பைபிள் உள்ளிட்ட எந்தப் புனித நூலின் மீதும் கை வைத்து உறுதிமொழி ஏற்க வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள வாசகத்தைப் பிசகின்றிக் கூறி, அதன் கீழ் கையொப்பமிட வேண்டும் என்பதே சட்டத்தின் தேவை. கையில் நூல் இல்லாததால் பதவியேற்பு செல்லாமல் போவதில்லை. ஆனால், வாசகத்தில் ஒரு சொல் விடுபட்டாலும் பதவியேற்பு கேள்விக்குள்ளாகும்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள தேவிகுளம் தொகுதியின் உறுப்பினருக்கு 2021-ஆம் ஆண்டு நேர்ந்த நிகழ்வு இதற்குத் தெளிவான சான்றாகும். தமிழில் உறுதிமொழி ஏற்ற அவர், ஒன்பது நாள்களுக்குப் பின் மீண்டும் ஒருமுறை உறுதிமொழி ஏற்க வேண்டியிருந்தது.

தேவிகுளத்தில் நடந்தது என்ன?

மூணாறு தேயிலைத் தோட்டங்களை உள்ளடக்கிய தேவிகுளம், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியாகும். தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் இத்தொகுதியில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் ஏ.ராஜா, காங்கிரஸ் வேட்பாளர் டி.குமாரை 7,848 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

புதிய சட்டமன்றம் 2021 மே 24 அன்று கூடியபோது, தற்காலிக சபாநாயகர் பி.டி.ஏ.ரஹீம் முன்னிலையில் ராஜா தமிழில் உறுதிமொழி ஏற்றார். ஆனால், அவருக்கு வழங்கப்பட்ட தமிழ் மொழிபெயர்ப்பில் ‘கடவுளின் பெயரால்’ என்ற தொடரும் இல்லை. அதற்கு மாற்றாக அமைய வேண்டிய ‘உளமார’ என்ற பொருள் தரும் சொல்லும் இல்லை. சட்டம் தரும் இரு வழிகளில் எந்த ஒன்றின்படியும் அவர் உறுதிமொழி ஏற்கவில்லை என்ற நிலை உருவானது.

குறை தெரியவந்ததை அடுத்து, 2021 ஜூன் 2 அன்று சபாநாயகர் எம்.பி.ராஜேஷ் முன்னிலையில் ராஜா மீண்டும் உறுதிமொழி ஏற்றார். இடைப்பட்ட நாள்களில் அவர் அவை நடவடிக்கைகளில் கலந்துகொண்டிருந்தார். மே 25 அன்று நடைபெற்ற சபாநாயகர் தேர்தலிலும் வாக்களித்திருந்தார். முறையாக உறுதிமொழி ஏற்காதவர் அவையில் அமர்ந்ததும் வாக்களித்ததும் சட்டப்படி சரியா என்று எதிர்க்கட்சித் தலைவர் வி.டி.சதீசன் கேள்வி எழுப்பினார்.

இதற்கான விடை அரசமைப்புச் சட்டத்திலேயே உள்ளது. உறுதிமொழி ஏற்று முடிக்கும் முன் அவையில் அமர்பவருக்கும் வாக்களிப்பவருக்கும் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் அபராதம் விதிக்க 193-ஆவது பிரிவு வழிவகுக்கிறது. அதன்படி ஐந்து நாள்களுக்கு 2,500 ரூபாய் செலுத்துமாறு சபாநாயகர் தீர்ப்பளித்தார். அதே வேளையில், உரிமையற்ற ஒருவர் அமர்ந்திருந்தார் அல்லது வாக்களித்தார் என்ற காரணத்தால் மட்டுமே அவையின் நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்று 189-ஆவது பிரிவு கூறுகிறது. சபாநாயகர் தேர்தலில் ராஜேஷ் 96 வாக்குகளும், அவரை எதிர்த்துப் போட்டியிட்ட காங்கிரஸின் பி.சி.விஷ்ணுநாத் 40 வாக்குகளும் பெற்றிருந்தனர். எனவே, ஒரு வாக்கைக் கழித்தாலும் முடிவு மாறியிருக்காது.

ராஜாவின் தேர்தல் வெற்றி பின்னர் நீதிமன்றத்திற்குச் சென்றது தனி வழக்காகும். ஒதுக்கீட்டுத் தொகுதியில் போட்டியிட அவருக்குத் தகுதி உண்டா என்பதே அதில் ஆராயப்பட்டது. அவரது வெற்றி செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் அளித்த தீர்ப்பை, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உறுதிமொழி வாசகம் குறித்த சர்ச்சைக்கும் அவ்வழக்குக்கும் தொடர்பில்லை.

மூன்றாம் அட்டவணை கூறுவது

சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் தமது இருக்கையில் அமரும் முன், ஆளுநர் அல்லது அவரால் நியமிக்கப்பட்டவர் முன்னிலையில் உறுதிமொழி ஏற்றுக் கையொப்பமிட வேண்டும் என்று 188-ஆவது பிரிவு கூறுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 99-ஆவது பிரிவும், மாநில அமைச்சர்களுக்கு 164-ஆவது பிரிவும் இதே கடமையை விதிக்கின்றன. தேர்தலில் போட்டியிடும் வேட்பாளரும் தனியே ஓர் உறுதிமொழி ஏற்க வேண்டும்.

இவை அனைத்துக்குமான வாசகங்கள் மூன்றாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. உறுப்பினரின் உறுதிமொழியில் மூன்று செய்திகள் உள்ளன. சட்டப்படி நிறுவப்பட்ட அரசமைப்பின்மீது உண்மையான பற்றும் விசுவாசமும் கொண்டிருப்பது முதலாவது. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பது இரண்டாவது. ஏற்கவிருக்கும் கடமையை நேர்மையாக நிறைவேற்றுவது மூன்றாவது. அமைச்சர்கள் இவற்றுடன், அச்சமோ சார்போ விருப்போ வெறுப்போ இன்றி அனைத்து மக்களுக்கும் நீதி செய்வதாகவும் உறுதி கூறுகின்றனர். இரகசியக் காப்பு உறுதிமொழியையும் அவர்கள் தனியே ஏற்கின்றனர்.

இவ்வாசகங்களில் உறுப்பினரின் விருப்பத்திற்கு விடப்பட்டுள்ள இடம் ஒன்றே. ‘கடவுளின் பெயரால் ஆணையிட்டுக் கூறுகிறேன்’ என்பதும், ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்பதும் மேலும் கீழுமாக அச்சிடப்பட்டிருக்கும். இரண்டில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கலாம். இரண்டுக்கும் சட்டத்தின் பார்வையில் சம மதிப்பு உண்டு. புனித நூல் பற்றிய குறிப்பு அட்டவணையில் எங்கும் இல்லை.

தமிழ்நாட்டில் 2021 மே 7 அன்று முதலமைச்சராகப் பதவியேற்ற மு.க.ஸ்டாலின் ‘உளமார’ உறுதி கூறினார். அதே மாதம் 20-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் பதவியேற்ற முதலமைச்சர் பினராயி விஜயனும் கடவுளின் பெயரைக் குறிப்பிடாமல் உறுதிமொழி ஏற்றார். அவரது அமைச்சரவையில் இடம்பெற்ற இடுக்கி தொகுதி உறுப்பினர் ரோஷி அகஸ்டின், ஆரன்முளா தொகுதி உறுப்பினர் வீணா ஜார்ஜ் ஆகியோர் கடவுளின் பெயரால் பதவியேற்றனர். மலையாளச் செய்திகளில் ‘தெய்வநாமத்தில்’, ‘சகௌரவம்’ என்று வேறுபடுத்திக் கூறப்படுபவை இவ்விரு வழிகளே.

‘கடவுள்’ இடம்பெற்றது எப்படி?

அரசமைப்பு வரைவில் தொடக்கத்தில் கடவுளின் பெயர் இடம்பெறவில்லை. குடியரசுத் தலைவரின் உறுதிமொழி குறித்து அரசமைப்பு நிர்ணய மன்றத்தில் 1948 டிசம்பரில் விவாதம் நடைபெற்றபோது, மகாவீர் தியாகி உள்ளிட்ட உறுப்பினர்கள் கடவுளின் பெயரைச் சேர்க்க வலியுறுத்தினர். சமயச் சார்பற்ற அரசின் ஆவணத்தில் அது தேவையா என்ற எதிர்வாதமும் எழுந்தது. இறுதியில், நம்பிக்கை உள்ளவர் கடவுளின் பெயரால் கூறவும், மற்றவர் உளமார உறுதி கூறவும் வழி செய்யப்பட்டது.

எந்தக் கடவுள் என்று வாசகம் குறிப்பிடவில்லை. எந்தச் சமயத்தைச் சார்ந்தவரும் தமது நம்பிக்கைக்கு உரிய பொருளில் அச்சொல்லை ஏற்கலாம். எந்தச் சமயத்தையும் சாராதவரும் குறையற்ற உறுப்பினராகலாம். ஒவ்வொரு சமயத்திற்கும் ஒரு நூல் என வகுத்திருந்தால், பதவியேற்பு மேடையிலேயே உறுப்பினரின் சமயத்தை அரசு கேட்டறிய வேண்டிய நிலை வந்திருக்கும். இரண்டு தொடர்களில் ஒன்றைத் தேர்வு செய்யும் முறை அதைத் தவிர்த்தது.

நீதிமன்றத்தில் கீதை மீது சத்தியம் உண்டா?

சாட்சிக் கூண்டில் நிற்பவர் பகவத் கீதையின்மீது கை வைத்து, தாம் சொல்வதெல்லாம் உண்மை என்று கூறும் காட்சி தமிழ்த் திரைப்படங்களில் பலமுறை இடம்பெற்றுள்ளது. இதனால் அதுவே சட்ட நடைமுறை என்ற எண்ணம் மக்களிடம் பரவலாக உள்ளது. நடைமுறை அவ்வாறு இல்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்களில் இந்துக்கள் கங்கை நீரின்மீதும், முஸ்லிம்கள் குர்ஆன்மீதும் சத்தியம் செய்யும் வழக்கம் இருந்தது. 1840-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் இதற்கு மாற்றாக, எல்லாம் வல்ல இறைவன் முன்னிலையில் உறுதி கூறும் முறையைக் கொண்டுவந்தது. 1873-ஆம் ஆண்டின் இந்திய ஆணைமொழிச் சட்டம், வழக்கின் தரப்பினர் இசைந்தால் அவரவர் சமூகத்தில் வழங்கும் முறையில் சிறப்புச் சத்தியம் செய்யவும் இடமளித்திருந்தது. 1969-ஆம் ஆண்டின் ஆணைமொழிச் சட்டம் அதை நீக்கியது. இன்று சாட்சி, கடவுளின் பெயராலோ உளமாரவோ உண்மை கூறுவதாக உறுதியளித்தால் போதும். அங்கும் நூல் கட்டாயமில்லை.

குருவின் பெயரால் உறுதிமொழி: கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு

‘கடவுள்’ என்ற சொல்லுக்குப் பதிலாக வேறொரு பெயரைக் கூற முடியுமா என்ற கேள்வி கேரளத்தில் முன்னரே எழுந்தது. 2001-ஆம் ஆண்டு கொடுங்கல்லூர் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட உமேஷ் சள்ளியில், ஸ்ரீ நாராயண குருவின் பெயரால் உறுதிமொழி ஏற்றார். இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 2003-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த கேரள உயர் நீதிமன்றம், அந்த உறுதிமொழி மூன்றாம் அட்டவணைக்கு இணங்க அமையவில்லை என்று கூறியது. நாராயண குரு கேரள மக்களால் போற்றப்படும் சமூகச் சீர்திருத்தவாதி என்பதில் எவருக்கும் மாறுபாடில்லை. அட்டவணையில் உள்ள இரு தொடர்களுக்கு அப்பால் மூன்றாவதாக ஒன்றை உறுப்பினர் தாமே உருவாக்கிக்கொள்ள முடியுமா என்பதே வழக்கின் கேள்வி.

ஆயினும், பிற மாநிலங்களில் இத்தகைய வழக்கம் தொடர்கிறது. கர்நாடகத்தில் பி.எஸ்.எடியூரப்பா, கடவுளுடன் விவசாயிகளின் பெயரையும் சேர்த்து முதலமைச்சராகப் பதவியேற்றார். அதே மாநிலத்தில் 2023 மே மாதம் துணை முதலமைச்சரான டி.கே.சிவகுமார், தமது குருவான கங்காதர அஜ்ஜாவின் பெயரால் உறுதிமொழி ஏற்றார்.

நூலை ஏந்துவது குற்றமா?

குற்றமில்லை. 2024 ஜூன் மாதம் 18-ஆவது மக்களவை கூடியபோது, ராகுல் காந்தி உள்ளிட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் அரசமைப்புச் சட்ட நூலைக் கையில் ஏந்தியபடி உறுதிமொழி ஏற்றனர். வயநாடு இடைத்தேர்தலில் வெற்றிபெற்ற பிரியங்கா காந்தியும் 2024 நவம்பர் 28 அன்று அவ்வாறே பதவியேற்றார். நூல் கையில் இருப்பது உறுதிமொழிக்கு வலுச் சேர்ப்பதுமில்லை, அதைக் குறைப்பதுமில்லை.

ஆனால், சொற்களைச் சேர்ப்பது வேறு வகையானது. அதே கூட்டத்தொடரில் கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் பலர் உறுதிமொழிக்குப் பின் முழக்கங்களை எழுப்பினர். இதையடுத்து, உறுதிமொழி வாசகத்திற்கு முன்னும் பின்னும் எந்தச் சொல்லையும் சேர்க்கக் கூடாது என்று மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா தமது வழிகாட்டு நெறிகளில் திருத்தம் செய்தார்.

பிற நாடுகளில் நிலை

புனித நூலைப் பயன்படுத்தும் வழக்கம் வேரூன்றிய நாடுகளிலும் சட்டம் பெரும்பாலும் சொற்களையே வலியுறுத்துகிறது. பொதுப் பதவிக்குச் சமயத் தகுதி எதுவும் கோரப்படாது என்று அமெரிக்க அரசமைப்பு கூறுகிறது. அங்கு 1901-இல் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் பைபிள் இன்றிப் பதவியேற்றார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினரான கீத் எலிசன், 2007-இல் நடைபெற்ற பதவியேற்புச் சடங்கில் முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமாக இருந்த குர்ஆன் பிரதியைப் பயன்படுத்தினார். துளசி கப்பார்ட் 2013-இல் பகவத் கீதையைப் பயன்படுத்தினார்.

தேவிகுளம் நிகழ்வுக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டும் அமெரிக்காவிலேயே உள்ளது. 2009 ஜனவரி 20 அன்று பராக் ஒபாமாவுக்கு உறுதிமொழி செய்துவைத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், ஒரு சொல்லை இடம் மாற்றிக் கூறிவிட்டார். ஐயத்திற்கு இடம் தராமல் இருக்க, மறுநாள் வெள்ளை மாளிகையில் ஒபாமா மீண்டும் உறுதிமொழி ஏற்றார். அந்த இரண்டாம் முறை பைபிள் பயன்படுத்தப்படவில்லை. சொற்கள் மட்டும் சரியாகக் கூறப்பட்டன.

பிரிட்டனில் இந்த உரிமை எளிதில் கிடைக்கவில்லை. நார்த்தாம்டன் தொகுதியிலிருந்து 1880-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாத்திகரான சார்லஸ் பிராட்லா, 1886-இல்தான் அவையில் அமர முடிந்தது. அவரது முயற்சியால் 1888-ஆம் ஆண்டின் ஆணைமொழிச் சட்டம் நிறைவேறி, கடவுளைக் குறிப்பிடாமல் உறுதி கூறும் உரிமை உறுதிப்பட்டது. இன்று பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தாம் விரும்பும் புனித நூலை ஏந்தலாம். நூலின்றி உறுதி கூறவும் செய்யலாம். முன்னாள் பிரதமர் ரிஷி சுனக், நாடாளுமன்ற உறுப்பினராகப் பகவத் கீதையின்மீது உறுதிமொழி ஏற்றவர்.

தமிழர் வரலாற்றில் உறுதிமொழிச் சொற்கள்

உறுதிமொழியில் சேர்க்கப்பட்ட சில சொற்கள் தமிழர் அரசியலோடு நெருங்கிய தொடர்புடையவை. ‘இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன்’ என்ற தொடர் 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பில் இல்லை. திராவிட நாடு கோரிக்கை வலுப்பெற்றிருந்த சூழலில், 1963-ஆம் ஆண்டின் 16-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் வாயிலாக அது சேர்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது.

இலங்கையில் 1983 ஆகஸ்டில் நிறைவேற்றப்பட்ட ஆறாவது அரசமைப்புத் திருத்தம், தனி நாட்டை ஆதரிப்பதில்லை என்ற சத்தியப் பிரமாணத்தைக் கட்டாயமாக்கியது. அதை ஏற்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள், அ.அமிர்தலிங்கம் உட்பட, நாடாளுமன்ற இடங்களை இழந்தனர். இவ்விரு நிகழ்வுகளிலும் எந்தச் சமய நூலுக்கும் இடமில்லை. உறுதிமொழியின் சொற்களே ஒருவர் அவையில் அமர்வதையும் வெளியேறுவதையும் தீர்மானித்தன.

எல்லைத் தமிழரும் மொழி உரிமையும்

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்த தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்திலேயே நீடித்தன. சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலிருந்த பாலக்காடு பகுதியும் கேரளத்துடன் சேர்ந்தது. இதனால் மூணாறு மலைகளிலும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி போன்ற ஊர்களிலும் வாழும் தமிழர்கள் கேரளத்தின் மொழிச் சிறுபான்மையினராயினர்.

கேரள அலுவல் மொழிச் சட்டம், 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தத்தம் மொழியில் தொடர்புகொள்ள உரிமை அளித்தது. தாய்மொழியில் பேச உறுப்பினரை அனுமதிக்க அரசமைப்பின் 210-ஆவது பிரிவு சபாநாயகருக்கு அதிகாரம் தருகிறது. ராஜா தமிழில் உறுதிமொழி ஏற்ற அதே 2021 கூட்டத்தில், மஞ்சேசுவரம் உறுப்பினர் ஏ.கே.எம்.அஷ்ரப் கன்னடத்தில் உறுதிமொழி ஏற்றார்.

கேரளச் சட்டமன்ற வரலாற்றில் முதன்முதலாக உறுதிமொழி ஏற்றவரும் தேவிகுளத்தின் உறுப்பினரே. 1957 ஏப்ரல் 10 அன்று தற்காலிக சபாநாயகராகப் பொறுப்பேற்ற ரோசம்மா புன்னூஸ், அத்தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

தாய்மொழியில் உறுதிமொழி ஏற்கும் உரிமை, சரியான மொழிபெயர்ப்பு கையில் இருக்கும்போதே முழுமை பெறுகிறது. மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ உறுதிமொழி ஏற்ற உறுப்பினர்களுக்கு 2021-இல் இச்சிக்கல் எழவில்லை. சிறுபான்மை மொழியைத் தேர்ந்தெடுத்தவரே இருமுறை உறுதிமொழி ஏற்கவும், அபராதம் செலுத்தவும் நேர்ந்தது. உறுதிமொழியில் கையொப்பமிடுபவர் உறுப்பினர் என்பதால் அதன் விளைவும் அவரையே சார்கிறது. அதன் வாசகத்தைத் தயாரித்து அளிப்பதோ அரசின் பணியாகும்.

சட்டம் கேட்பது என்ன?

பதவியேற்பவர் மூன்றாம் அட்டவணையில் தமது பதவிக்கு உரிய வாசகத்தைக் கூற வேண்டும். ‘கடவுளின் பெயரால்’, ‘உளமார’ ஆகிய இரண்டில் ஒன்று அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். உரிய அதிகாரி முன்னிலையில் அதைக் கூறிக் கையொப்பமிட வேண்டும். இவை நிறைவேறிய பின்னரே அவர் அவையில் அமரவும் வாக்களிக்கவும் உரிமை பெறுகிறார். புனித நூலை ஏந்துவது அவரவர் விருப்பம்.